எழுபது நிமிடம்

என் தங்கையைக் கரையிறக்கத்தான் நான் படகில் ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடல்காற்று வாங்கப் போனேன் என்று பிறகு யாரும் கதை கட்டக் கூடாது. எனக்குக் கடலும் ஆகாது, அதன் காற்றும் ஆகாது. தண்டவாளத்தின் மேல் ஓடாத எந்த வண்டியையும் நான் நம்பியதில்லை.

ரயில்வேயில் முப்பத்திநாலு வருஷம் இருந்தவன் நான். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் எஞ்சின் ஓட்டுநர்களைச் சோதிக்கிற வேலை. கூடவே ஏறி, பக்கத்தில் நின்று, சிக்னல் மாறினால் ஆளின் கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். இறங்கியதும் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதுவேன். 'ஓட்டத் தகுதி உண்டு' அல்லது 'இல்லை'. இடையில் வேறு எதுவும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் என்னை எமன் என்று கூப்பிட்டார்கள். அது என் காதில் விழுந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தங்கையும் மாப்பிள்ளையும் பதினோரு வருஷமாக ஒரு பாய்மரப் படகில் குடித்தனம் நடத்துகிறார்கள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இருபத்தெட்டு வருஷம் கட்டடங்களின் நடுவே இருட்டுக் குழியில் கயிற்றில் தொங்கியபடி சம்பாதித்தார். தங்கை தையல் தொழிற்சாலையில் நாற்பது மிஷின்களுக்கு மேற்பார்வை. மகளுக்குக் கல்யாணம் முடிந்த அடுத்த மாசமே வீட்டை விற்றுவிட்டுப் படகு வாங்கினார்கள். நான் ஆறு மாசம் அவர்களோடு பேசவில்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நடுக்கடலில் போன் எடுக்காதாம்.

ஒரு துறைமுகத்தில் நாலு மாசம், இன்னொன்றில் ஆறு மாசம். மற்ற படகுக்காரர்களின் கிழிந்த பாய்களை அவள் தைத்துக் கொடுப்பாள். அவர் எஞ்சின் பார்ப்பார். அலுத்தால் அடுத்த ஊர். போன வருஷம் மாப்பிள்ளை படகின் மேல்தளத்தில் வழுக்கி விழுந்ததில் இடது தோளில் தகடு வைத்தார்கள். அவருக்கு வயது அறுபத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தேழு. இதற்கு மேலும் என்ன வேண்டும்? எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருந்தது. என் மனைவி அதற்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குத் திரை தைத்து, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பது வரை யோசித்து வைத்துவிட்டாள்.

நான் போனில் பேசிப் பேசித் தொண்டை வறண்ட ஒரு நாள், தங்கையே போனில் வழிக்கு வந்தாள்.

"அண்ணா, இன்னும் நாங்க ஓட்டலாமான்னு எங்களுக்கே தெரியலை. அவரைப் பார்த்தா முடியும்னு எனக்குத் தோணுது. என்னைப் பார்த்தா அவருக்கும் அப்படித்தான் தோணுதாம். நாங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் சர்டிபிகேட் குடுத்துக்கறதுல என்ன இருக்கு? நீ வா. அடுத்த துறைமுகம் ரெண்டு நாள் தூரம். போய்ச் சேர்ந்ததும் நீ இறங்குன்னு சொன்னா இறங்கிடறோம். படகை வித்துட்டு உன் மாடிக்கு வந்துடறோம். இது சத்தியம்."

மாப்பிள்ளை போனை வாங்கி, "ஆமா மச்சான், எனக்கும் சம்மதம்" என்றார். குரல் கொஞ்சம் கம்மியது. நான் அதைச் சளி என்று நினைத்தேன்.

தீர்ப்பை வீட்டிலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகு முப்பத்திரண்டு அடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே இறங்கினால் நாலு எட்டில் வீடு முடிந்துவிடும். இந்தப் பக்கம் அடுப்பும் தொட்டியும், அந்தப் பக்கம் ஒரு பெஞ்சுப் படுக்கை, நடுவில் மடிக்கிற மேசை, மூக்குப் பக்கம் முக்கோணமாக ஒரு படுக்கை. டம்ளர்கள் அலமாரித் தட்டில் போட்ட துளைகளுக்குள் உட்கார்ந்திருந்தன. அடுப்பு, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் மட்டும் நேராக நிற்கும்படி இரண்டு ஊசிகளில் தொங்கியது. கத்தரிக்கோலுக்கு ஒரு கொக்கி, டார்ச்சுக்கு ஒரு கொக்கி, மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கொக்கி. என் வீட்டில் என் கண்ணாடியைத் தேடவே தினமும் அரை மணி போகிறது. ஆனால் அதை அப்போது நான் வெளியே சொல்லவில்லை.

ஏறினவுடன் தங்கை கையை நீட்டினாள். "வாட்சும் மோதிரமும் குடு. கயித்துல மாட்டினா விரலோட போயிடும்."

என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்வதும் என் மூக்கைக் கழற்றச் சொல்வதும் எனக்கு ஒன்றுதான். ஆனாலும் கொடுத்தேன். அணைத்து வைத்த எங்கள் மூன்று போன்களோடு அதையும் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினாள். இனி மணி தெரிய வேண்டுமானால் படிக்கட்டின் கீழே சுவரில் திருகி வைத்திருந்த கடிகாரம்தான் கதி. அலாரமும் அதிலேயே. கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையை அதற்கடியில் ஒட்டியிருந்தார்கள். திசை காட்டும் சின்னத் திரையிலும் மணி வரும்தான், ஆனால் அது உலகப் பொது மணி, கூட்டிக் கழிக்க வேண்டும். குழப்பம் வேண்டாமென்று அந்த மூலையில் டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

படகுக்கு ஒரே ஒரு சட்டம். சுக்கான் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் பேச்சு. மற்றவர் வாய் திறக்கக் கூடாது, சரியோ தப்போ சொன்னதைச் செய்ய வேண்டும். சண்டை போடுவதென்றால் படகைக் கரையில் கட்டிய பிறகு போடலாம். கரையில் அவரை 'என்னங்க' என்று குழைகிற என் தங்கை, சுக்கானைப் பிடித்ததும் "முன்னாடி!" என்று ஒரு அதட்டல் போட்டாள். முன்னால் கயிற்றோடு நின்ற மாப்பிள்ளை "சரி, பின்னாடி!" என்றார். பெயரும் இல்லை, முறையும் இல்லை. அவர் சுக்கான் பிடிக்கும்போது இவள் 'முன்னாடி' ஆகிவிடுவாள். நான் ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தேன். "நடுவுல உட்கார்ந்திருக்கிறது பேசக் கூடாது" என்றாள் என் கூடப்பிறந்தவள்.

முதல் நாள் என் கதை கந்தல். கரை மறைந்த அரை மணியில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பெஞ்சுப் படுக்கையில் விழுந்தவன்தான், பகல் முழுக்கத் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தை வெறித்தபடி கிடந்தேன். அசையாமல் இருந்த பொருள் அது ஒன்றுதான். இருட்டியதும் தங்கை ஒரு மாத்திரை கொடுத்தாள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். அடுத்த ராத்திரியும் அதே மாத்திரை, அதே தூக்கம்.

இரண்டாம் நாள் தலை நிமிர்ந்தது. என் வேலையை ஆரம்பித்தேன். அதாவது, குறை கண்டுபிடிக்கிற வேலை.

மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இருவரும் மூன்று மணி நேரம் மாற்றி மாற்றிக் காவல். ஒருவர் சுக்கானில், ஒருவர் தூக்கத்தில். அலாரம் அடித்தால் தூங்கியவர் எழுந்து மேலே போக வேண்டும். அந்த மாற்றிக்கொள்ளும் நேரத்தை மாலையில் பார்த்தேன். எஞ்சினில் ஆள் மாறும்போது நான் முதலில் கவனிப்பது அதைத்தான். பாதி விபத்து அங்கேதான் பிறக்கும். மாப்பிள்ளை நாலே விஷயம் சொன்னார். எந்தத் திசையில் போகிறோம், காற்று எங்கிருந்து, வலது பக்கம் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல், டீ பிளாஸ்க்கில் இருக்கிறது. தங்கை நாலையும் திருப்பிச் சொன்னாள். அதன் பிறகுதான் அவர் கை சுக்கானை விட்டது. அவள் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது. இப்படி ஒரு கைமாற்றத்தை என்னுடைய ஓட்டுநர்களிடம் வரவழைக்க நான் பதினெட்டு வருஷம் கத்தினேன். தற்செயலாக அமைந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தோளையும் கவனித்தேன். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அதற்கேற்பக் கயிறுகளையெல்லாம் வலது பக்கமாக மாற்றி, இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருந்தார்கள். எங்கே கை எட்டாதோ அங்கே அவள் தைத்துக் கொடுத்த பட்டை ஒன்று தொங்கியது. அதைப் பிடித்து இழுத்தால் போதும். குறை என்று எழுத எடுத்த பேனாவை மூடி வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அன்று காலை கடிகாரத்தில் ஐந்தரை ஆவதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. கடலில் மறைக்க மரமும் கட்டடமும் இல்லை, அதனால் சீக்கிரம் தெரிகிறது போலும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து நிம்மதியானேன்.

மூன்றாம் நாள் காலை துறைமுகம் போய்ச் சேரவேண்டிய நாள். அந்தத் துறைமுக வாயில் ஒரு பொல்லாத இடம். வாயில் குறுக்கே மணல் திட்டு படுத்திருக்கிறது. கடல் ஏறி நிற்கும்போது அதன் மேல் படகு போகலாம். இறங்க ஆரம்பித்து முக்கால் மணிக்கு மேல் ஆனால் உள்ளேயிருந்து வெளியே ஓடும் தண்ணீரும் வெளியேயிருந்து வரும் அலையும் திட்டின் மேல் முட்டிக்கொள்ளும். அன்று ஏற்றம் முழுமையாகும் நேரம் ஆறு பத்து. இதை முந்தின நாள் மாலையே தங்கை எனக்குப் படம் வரைந்து விளக்கியிருந்தாள்.

நாலரைக்கே எழுந்துவிட்டேன். வெளியே வெளுத்துக்கொண்டிருந்தது. கரைக்குப் போகும்போது மனுஷனாகப் போக வேண்டுமே. கடிகாரத்துக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கண்ணாடியை வைத்து நிதானமாகச் சவரம் செய்தேன். மாப்பிள்ளை இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். "சர்க்கரை டப்பா..." என்று இழுத்து, கையிலேயே இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு மேலே போனார். தங்கை வந்தாள். "துண்டு எங்கேன்னு பார்த்தேன்" என்றாள். துண்டு அவள் தோளில் இருந்தது. மறுபடியும் அவர். மறுபடியும் அவள். ஐந்து தடவை நடந்தது இந்தக் கூத்து. நான் நகரவில்லை. வயசாகிவிட்டது, எதற்கு வந்தோம் என்பதே மறக்கிறது, இதையும் குறித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்புறம் அவர்கள் மேலேயே தங்கிவிட்டார்கள். கரை நெருங்கிவிட்டது. நான் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தகர டப்பாவைத் திறந்து என் கடிகாரத்தை எடுத்துக் கட்டினேன்.

ஏழு பத்து.

சுவரைப் பார்த்தேன். சரியாக ஆறு.

என் கடிகாரத்தை நான் சந்தேகப்படவே இல்லை. எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். உள்ளதைச் சொல்கிறேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற அற்ப சந்தோஷம். எழுபது நிமிடம் தாமதமாக ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு ஓட்டுநர்! மாடி போர்ஷனில் கட்டில் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

மேலே வந்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. துறைமுக வாய் எதிரே தெரிந்தது. இரண்டு பக்கமும் கற்சுவர், நடுவில் வழி. வழியின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு எழுவதும் உடைவதுமாக இருந்தது. தங்கை சுக்கானில் நின்று, பக்கத்தில் கடந்துபோன சிவப்பு மிதவையைப் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மிதவை கடல் பக்கமாகச் சாய்ந்து இழுபட்டுக்கொண்டிருந்தது; தண்ணீர் வெளியே ஓட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை முன்னால் பாய்மரத்தைப் பிடித்து நின்றார்.

பேசக் கூடாது என்பது சட்டம். நான் சட்டம் மதிக்கிறவன். மணிக்கட்டைத் திருப்பி அவள் கண்ணெதிரே நீட்டினேன்.

ஒரு நொடி பார்த்தாள். அவ்வளவுதான்.

"முன்னாடி! திரும்பறோம். அலையைப் பாருங்க!"

"சரி, பின்னாடி!"

ஏன், எதற்கு என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே பின்பக்கம் திரும்பி நின்று, எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அலைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு மதில் உயரம். இவற்றின் குறுக்கே படகைத் திருப்பும்போது ஏதாவது ஒன்று பக்கவாட்டில் அடித்தால் கவிழ்த்துவிடும் என்பது எனக்கே புரிந்தது. அவர் வலது கையை உயர்த்தி வைத்திருந்தார். ஒரு அலை எங்களைத் தூக்கி இறக்கியது. கை அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. வெள்ளைக் கோட்டின் இரைச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை, அவர் கையை மட்டும் பார்த்தாள். மூன்றாவது அலை கடந்ததும் கை இறங்கியது.

அவள் இடுப்பால் சுக்கானைத் தள்ளினாள். இரண்டு கையும் எஞ்சின் பிடியிலும் கயிற்றிலும் இருந்தன. படகு கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. அவர் ஓடி வந்து பட்டையைப் பிடித்து உடம்பு முழுவதையும் சாய்த்து இழுக்க, பாய் படாரென்று அந்தப் பக்கம் மாறியது. ஒரு அலை விளிம்பில் ஏறி என் சலவைச் சட்டையை நனைத்துவிட்டுப் போனது. அடுத்ததற்குள் படகின் மூக்கு கடலைப் பார்த்துவிட்டது. ஏறினோம், இறங்கினோம், ஏறினோம். மொத்தமும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அவர்கள் இருவரும் பேசியது எத்தனை வார்த்தை என்று நான் மேலே எழுதியிருக்கிறேன்.

முப்பத்திநாலு வருஷத்தில் நான் எத்தனையோ கைகளைப் பார்த்தவன். இப்படி நாலு கைகள் ஒரே ஆளுடையதுபோல் வேலை செய்து பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. உப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன்.

ஆபத்து தீர்ந்த தூரத்துக்கு வந்ததும் பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானையும் திருப்பிக் கட்டினார்கள். படகு எங்கும் போகாமல் நின்ற இடத்தில் ஆடியது. அடுத்த ஏற்றம் மாலை ஆறரைக்கு. அதுவரை இப்படித்தான். தங்கை சுக்கானை விட்டதும் என் முறை வந்தது.

"விசாரணை" என்றேன். "கடிகாரம் எழுபது நிமிஷம் பின்னால இருக்கு. யார் காரணம்?"

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

"நான்தான்" என்றாள் தங்கை.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அப்புறம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உனக்கு என்ன தெரியும்? நான்தான் முள்ளைத் தள்ளினேன்" என்றார் அவர்.

"நீங்க எங்க தள்ளினீங்க? நான்தானே தள்ளினேன்!"

தனித்தனியாக வைத்து விசாரிக்க வேண்டும், முப்பத்திரண்டு அடியில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுத்தடுத்து உட்கார வைத்தே கேட்டேன். விஷயம் இதுதான். அவர் காவல் இருக்கும்போது, அலாரம் அடிக்கும் நேரம் நெருங்கினால், படியிலிருந்து குனிந்து கையை நீட்டி முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளிவிடுவார். அவள் பத்து நிமிஷம் கூடத் தூங்கட்டும் என்று. இந்த இரண்டு ராத்திரியில் மூன்று தடவை. அவளுக்குப் பத்தெல்லாம் போதாது. இருபது இருபதாக இரண்டு தடவை தள்ளியிருக்கிறாள். அவர் தோள் இரண்டு நாளாக வலிக்கிறது, அவர் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியுமாம்.

"எத்தனை நாளா இது?"

"முதல் வருஷத்துலேர்ந்து" என்றார் அவர்.

"நானும்தான்" என்றாள் அவள்.

எப்போதும் கடைசி நாள் காலையில் டீ போட இறங்கும்போது, அவரவர் திருடின நிமிஷங்களை அவரவர் திருப்பி வைத்துவிடுவார்களாம். அவர் தன் பங்கை, அவள் தன் பங்கை. கடிகாரம் சரியாகிவிடும். அதனால் பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் மற்றவர் செய்வது தெரியாது. இந்தத் தடவை திருப்பி வைக்கத்தான் சர்க்கரை டப்பாவோடும் துண்டோடும் வந்தார்கள். கடிகாரத்துக்கடியில் நான் தூண்போல உட்கார்ந்திருந்தேன்.

அதற்காக இருவரும் கண்ணை மூடிக்கொண்டு படகை விட்டுவிடவில்லை. அவர் மனசுக்குள் முப்பதைக் கூட்டி ஆறரை என்று வைத்திருந்தார். அவள் நாற்பதைக் கூட்டி ஆறு நாற்பது. இரண்டுமே திட்டைத் தாண்டத் தோதான நேரம். இரண்டையும் சேர்த்தால்தான் ஏழு பத்து. பல விபத்து விசாரணைகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருத்தன் தப்பும் அளவுக்குள்தான் இருக்கும். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இருக்காது.

இந்தக் கணக்கு எதுவும் தங்கையின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ பதினோரு வருஷமா நீங்க எனக்காகத் தூக்கம் முழிச்சீங்களா?"

"நீ மட்டும் என்னவாம்?" என்றார் அவர், கோபமாக. நிஜமான கோபம். ஏமாற்றப்பட்டவனின் கோபம். அப்புறம் இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று பகல் முழுக்க யோசித்தேன். என் புத்தகப்படி பார்த்தால் யோசிக்கவே வேலை இல்லை. கடிகாரத்தில் கை வைத்தவனை நான் அதே ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் யோசித்தேன். என் முன்னால் விசாரணைக்கு நின்ற எவனும் முதல் கேள்விக்கு 'நான்தான்' என்று சொன்னதில்லை. சிக்னல் சரியில்லை, கூட இருந்தவன் சொல்லவில்லை, மழை, மூடுபனி. இங்கே இரண்டு பேர், பழியை நீயா நானா என்று பிடுங்கிக்கொள்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்கு, இந்தத் தடவை என் கடிகாரப்படி, மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்தார். தங்கை முன்னால் நின்றாள். காலையில் பல்லைக் காட்டிய அதே வாய் இப்போது குளம்போலக் கிடந்தது. மிதவை நேராக நின்றது. திட்டைத் தாண்டியது எனக்குத் தெரியக்கூட இல்லை. உள்ளே வரிசையாகப் படகுகள், மஞ்சள் விளக்குகள், துணி காயப்போட்ட கயிறுகள், யாரோ எதையோ வறுக்கிற வாசனை. கரையில் நின்ற துறைமுகக் காவலாளி கையைக் காட்டிய இடத்தில், இரண்டு படகுகளுக்கு நடுவே இருந்த சந்தில், எஞ்சினை அணைத்துவிட்டு வெறும் ஓட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். படகு கட்டும் மரத்தூணுக்கும் எங்கள் படகுக்கும் நடுவே ஒரு கை அகலம். தங்கை தாவவில்லை, குதிக்கவில்லை. வாசற்படி இறங்குகிறவள்போல் கயிற்றோடு கரையில் காலை வைத்தாள். காவலாளி, "எங்கிருந்து வர்றீங்க? எத்தனை பேர் ஓட்டறீங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேர்தான்" என்றேன் நான். ஏதோ நானே ஓட்டி வந்ததுபோல் அப்படி ஒரு பெருமை எனக்கு.

கயிறெல்லாம் கட்டி முடித்து இருவரும் என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கைகளைத் தொடைக்கு நடுவே வைத்திருந்தார்.

"சொல்லுண்ணா" என்றாள் தங்கை.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றேன். "இனிமே ரெண்டு பேரும் அந்தக் கடிகாரத்துல கை வைக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க. பண்ணினா, ஓட்டுங்க."

இது எவ்வளவு சுலபமான நிபந்தனை! வாயால் ஒரு வார்த்தை. அவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைதான் முதலில் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

"முடியாது மச்சான். இன்னிக்குச் சத்தியம் பண்ணிடுவேன். ராத்திரி அவ தூங்கறதைப் பார்த்தா தள்ளிடுவேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நானும் பண்ண மாட்டேண்ணா" என்றாள் தங்கை. "வேணும்னா எவ்வளவு தள்ளினோம்னு இனிமே அடுத்தவங்களுக்குச் சொல்லிடறோம். தள்ளவே மாட்டேன்னு சொல்ல முடியாது. இறங்குன்னு சொல்லு, இறங்கிடறோம்." சொல்லும்போதே அவள் கை பக்கத்திலிருந்த மரச் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் அதை உணரவில்லை.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என்னிடம் பொய்ச் சத்தியம் செய்த ஓட்டுநர்கள் எத்தனை பேர்! பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. பதினோரு வருஷ வாழ்க்கையே போனாலும் போகட்டும், பொய் சொல்ல மாட்டோம் என்று எதிரில் உட்கார்ந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். இவர்களை நம்பாமல் வேறு யாரை நம்பி எஞ்சினில் ஏற்றுவது?

"ஓட்டத் தகுதி உண்டு" என்றேன். எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோளில் தகடு வைத்தபோதுகூட அழாத மனுஷன். அன்று போனில் கேட்டது சளி இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கை அவர் முதுகில் கையை வைத்தபடி என்னைப் பார்த்து, "உனக்கும் டீ போடட்டுமாண்ணா?" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

நான் கரையில் இறங்கி, படகுகள் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எப்போ வர்றாங்க? மாடியில ஃபேன் மாட்டச் சொல்லிட்டேன்."

"வரலை."

"உங்க தங்கச்சி முடியாதுன்னுட்டாளா?"

"இல்லை. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

நான் அவளுக்குக் கடிகாரக் கதையைச் சொன்னேன். பத்து, இருபது, எழுபது எல்லாம். அவள் நடுவில் ஒரு தடவை சிரித்தாள். சொல்லி முடித்ததும், ஏன் என்று தெரியாது, என் வாயில் அந்தக் கேள்வி வந்தது.

"நான் வேலையில இருந்தப்போ, விடிகாலை ரெண்டு மணிக்கெல்லாம் வண்டிக்குப் போகணும்னா நீதானே எழுப்புவே. நம்ம வீட்டுல அலாரமே கிடையாதே. உன்னை யார் எழுப்புவா?"

"என்னை யார் எழுப்பணும்?" என்றாள் அவள், பால் விலை சொல்வதுபோல். "படுத்தா எழுந்திருக்க முடியாதுன்னு அந்த ராத்திரியெல்லாம் நான் படுக்கவே மாட்டேனே."

எத்தனை ராத்திரி என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.